ஊற்றாமல் வந்த வெந்நீர்

இதில் நான் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லப் போவதில்லை. கூட்டிச் சொல்வது என் மாமனாரின் கலை. அதில் அவரோடு போட்டி போட என்னால் ஆகாது. நான் மணவூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற குமாஸ்தா. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். நம்பாதவர்கள் அடுத்த முறை குளிக்கும்போது, தண்ணீர் ஊற்றுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் காது கொடுத்துப் பாருங்கள். பிறகு பேசலாம்.

1942 சித்திரை மாதம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னைப் பட்டணமே மூட்டை கட்டியது. என் மாமனார் வேதாசல முதலியாரும் கட்டினார். ஆனால் அவர் பயந்து ஓடி வரவில்லை. திருத்தணி முருகன் கூப்பிட்டான், வந்தேன் என்றார். பட்டணத்தில் பாதிப் பேரை அதே வாரத்தில் ஏதோ ஒரு சாமி கூப்பிட்டிருந்தது.

மலையடிவாரத்தில், நந்தியாற்றுப் பக்கம் ஒரு வீடு பிடித்தார். ரயிலில் வந்த சாமான்களில் முதலில் இறங்கியது ஒரு செப்புப் பாய்லர்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இடுப்பு உயரம் இருக்கும். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய். அதில் கரியைப் போட்டுப் பற்றவைக்க வேண்டும். குழாயைச் சுற்றித் தண்ணீர். ஒரு பக்கம் புனல், எதிர்ப் பக்கம் ஒரு மூக்கு. புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் விழும். ஊற்றினால்தான் விழும். ஊற்றாவிட்டால் விழாது. இது ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரோ ஒரு துரை கப்பலேறும் அவசரத்தில் விற்றுவிட்டுப் போன பாய்லர் என்று மாமனார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சித்திரையில் அந்தத் துரை வெறும் இன்ஜினீயர். ஆடியில் ஜில்லா ஜட்ஜ் ஆனார். ஐப்பசியில் கவர்னருக்கே காரியதரிசி. எங்கள் குடும்பத்தில் அவ்வளவு சீக்கிரம் உத்தியோக உயர்வு கண்டவர் வேறு யாருமில்லை. விருந்தாளி காபி குடித்து முடித்ததும் அவரைக் குளியலறைக்கு அழைத்துப் போய்ப் பாய்லரைக் காட்டுவார். அப்புறம் என்னைக் காட்டுவார். "மாப்பிள்ள ரயில்வேல பெரிய எடத்துல இருக்காரு." மணவூரைப் பார்த்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்.

அவருக்கு ராவ் சாகிப் பட்டம் வேண்டும். யுத்த நிதிக்குக் கொடுத்தார், டெபுடி கலெக்டருக்கு மாலை போட்டார், பட்டத்தோடு சேர்த்துப் பித்தளையில் பெயர்ப் பலகைகூடச் செய்து பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டிக்கடியில் வைத்திருந்தார். பட்டம் வருவதுதான் பாக்கி.

பாய்லரின் காலம் முடிந்துவிட்டது என்பது எனக்கு அந்த ஐப்பசியிலேயே தெரிந்தது. வெந்நீரில் களிம்பு வாசனை அடித்தது. சொம்பின் அடியில் பச்சையாகப் படிந்தது. அடி மூட்டில் கசிந்து சொட்டுகிற தண்ணீர் கங்கில் பட்டுச் 'சுர்... சுர்...' என்றது. எவ்வளவு கரி போட்டாலும் போதவில்லை. சூடேறும்போது உள்ளே யாரோ கல்லை உருட்டுகிற மாதிரிக் கடகடவென்று சத்தம். என் மனைவி காஞ்சனா அப்போது நிறைமாதம். முதல் பிரசவம், தாய் வீட்டில்தான் ஆக வேண்டும். நான் சனிக்கிழமைதோறும் அரக்கோணத்தில் வண்டி மாறி வந்து பார்ப்பேன். பிள்ளை பிறந்தால் அந்தக் களிம்புத் தண்ணீர்தான் அதன் தலையில் விழும்.

"மாமா, எஞ்சின் பாய்லரையே இந்த நெலமைக்கு வந்தா கழிச்சிடறாங்க. இத மாத்திடலாம்."

"அது கம்பெனி பாய்லரு, மாப்பிள்ள. இது தொர குளிச்சது."

"தொர போய்ட்டாரு. இனிமே கொழந்த குளிக்கணும்."

"நல்லதாப் போச்சி. எம் பேரன் தொர குளிச்ச வெந்நீர்ல குளிப்பான்."

யுத்த காலத்தில் புதுச் செப்பு கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் மண்பானை கிடைக்கும். அதைச் சொன்னேன். மாமியார் வரலட்சுமி முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அவர்களைத் தெருவில் நிற்க வைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

என் பிடுங்கல் தாங்காமல் ஈயம் பூசுகிற ஜம்புலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். அவன் பாய்லரைத் தட்டிப் பார்த்தான். ஒரு பக்கம் காதை வைத்துக் கேட்டான். "இதுல..." என்று தொடங்கியவன், மாமனார் முகத்தைப் பார்த்ததும், "இதுல ஒண்ணும் கொறயே இல்லிங்க. நூறு வருசம் நிக்கும்" என்று முடித்தான். உள்ளே கைவிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"கை வாணாங்க."

"ஏன்?"

"பாத்துட்டங்க. போதுங்க."

அவனுக்காகச் சுட்டு வைத்த தோசையைக்கூடச் சாப்பிடாமல் போய்விட்டான்.

அன்று மாலையே எனக்கு முதல் அனுபவம். விளக்கு வைக்கிற நேரம். குளிக்கப் போனேன். புனலில் ஊற்றி ஊற்றி வாளியை நிரப்பிக்கொண்டேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சோப்பை எடுக்கக் குனிந்தேன்.

மூக்கிலிருந்து வெந்நீர் விழுந்தது.

ஒரு சொம்பு அளவு. அளந்து ஊற்றினாற்போல விழுந்து, நின்றது.

நான் ஊற்றவில்லை. சொம்பு என் காலடியில் இருந்தது. உள்ளே தங்கியிருந்த தண்ணீர் ஏதோ அழுத்தத்தில் வந்திருக்கும் என்று நினைத்தேன். ரயில்வேக்காரன், அப்படித்தான் நினைப்பான். மறுபடி குனிந்தேன்.

'ணங்...'

புனலின் விளிம்பில் சொம்பு இடிக்கிற சத்தம். பாய்லருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அந்தப் பக்கம் சுவர். சுவருக்கும் பாய்லருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடமில்லை.

மறுபடி ஒரு சொம்பு வெந்நீர் விழுந்தது.

நான் துவட்டிக்கொள்ளாமலே வெளியே வந்துவிட்டேன். மாமனாரிடம் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோனார். "பாத்திங்களா, மாப்பிள்ள. கையே படாம வேல செய்யுது. தொர வீட்டு சாமானுன்னா சும்மாவா?"

கார்த்திகையில் பையன் பிறந்தான். நல்ல குரல். பாதி மலை ஏறியவனுக்குக்கூடக் கேட்கும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

குழந்தையைக் குளிப்பாட்டக் கெங்கம்மாள் என்கிற கிழவியை ஏற்பாடு செய்தார்கள். ஊரில் பாதிப் பேர் அவள் காலில் படுத்துக் குளித்தவர்கள்தான். விடியற்காலையில் வருவாள். பாய்லர் முன்னால் தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொள்வாள். குழந்தையைக் கால்மேல் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி உருவி எடுப்பாள். அந்த வீட்டில் இதற்கு ஒரு முறை இருந்தது. குழந்தைக்குக் காற்றுப் படக்கூடாது என்று குளியலறைக் கதவைப் பாதி சாத்தி வைப்பார்கள். உட்கார்ந்தவள் எழுந்திருக்க மாட்டாள். தாய் வெளியே நின்றபடி, அந்த இடுக்கு வழியாகக் குழந்தையை நீட்டுவாள். உள்ளேயிருந்து இரண்டு கை வந்து வாங்கிக்கொள்ளும். கை மாறும்போது யாரும் பேசக்கூடாது. பேசினால் கண் படும் என்பது மாமியாரின் கட்டளை.

நாலைந்து நாள் ஆனதும் கெங்கம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஐயா, ஒரு பான வாங்கிக் குடுங்க. மண்ணு பான போதும்."

"ஏன் கெங்கம்மா?"

"நா ஊத்தறதுக்கு முன்னயே வருதுங்க தண்ணி. நா ஒரு சொம்பு ஊத்தனா ரெண்டு வருது. இன்னொரு கை ஊத்திகினு கீது."

அன்றைக்கே கடைத்தெருவில் பெரிய பானையாகப் பார்த்து வாங்கி வந்து, கொல்லையில் மூன்று கல் கூட்டி வைத்தேன். அடுத்த சனிக்கிழமை வந்தபோது பானையில் துளசிச் செடி முளைத்திருந்தது. டெபுடி கலெக்டரின் குமாஸ்தா வீட்டுக்கு வந்தாராம். ராவ் சாகிப் ஆகப் போகிறவர் வீட்டில் அடுப்புக்கல்லும் மண்பானையுமா என்று மாமனார் மண்ணை நிரப்பச் சொல்லிவிட்டாராம்.

"தை கிருத்திகைக்கு டெபுடி கலெக்டரு சாமி பாக்க வராரு. நம்ம வீட்லதான் குளியலு. அது வரைக்கும் பாய்லர யாரும் தொடக்கூடாது. அப்பறம் மாத்திக்கலாம், மாப்பிள்ள. நா என்ன மாட்டேன்னா சொல்றேன்."

"அது வரைக்கும் கொழந்தைக்கி ஏதாவது ஆச்சின்னா?"

"மங்களமாப் பேசுங்க."

அன்று பகலில்தான் அது நடந்தது. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். பட்டப்பகல். மலைமேல் உச்சிக்கால மணி அடித்து ஓய்ந்தது. காஞ்சனாவும் குழந்தையும் என் கண் முன்னால் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

குளியலறையில் சத்தம் கேட்டது.

'தப்... தப்... தப்...'

எண்ணெய்க் கையால் குழந்தையின் முதுகில் தட்டுகிற சத்தம். பிறகு தண்ணீர். பிறகு 'உஸ்... உஸ்...' என்று ஊதுகிற சத்தம்.

போய்க் கதவைத் தள்ளினேன்.

யாருமில்லை.

குழாயில் சாம்பல்தான் இருந்தது. தொட்டேன். குளிர்ந்த சாம்பல். ஆனால் அறை முழுக்க ஆவி. தரை முழுக்க ஈரம். இல்லை, முழுக்க இல்லை...

பாய்லருக்கு முன்னால், தரையில் இரண்டு நீளமான இடங்கள் மட்டும் காய்ந்திருந்தன.

பக்கத்துப் பக்கத்தில்.

நீட்டிய இரண்டு கால்களின் அளவு.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓரத்திலிருந்து ஈரம் மெல்ல ஊர்ந்து வந்து, அந்த இரண்டு காய்ந்த இடங்களையும் மூடியது. உட்கார்ந்திருந்தவர் அப்போதுதான் எழுந்திருந்தார் என்று அர்த்தம். எழுந்தவர் வெளியே போகவேண்டுமானால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மாமனாரை எழுப்பினேன். அவர் தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத டெபுடி கலெக்டரு காதுல போட்றாதிங்க" என்றார்.

காஞ்சனாவை உடனே அழைத்துப் போகிறேன் என்றேன். மூன்றாம் மாதம் பிறக்காமல் பெண்ணை அனுப்புகிற வழக்கமில்லை என்றாள் மாமியார். காஞ்சனா அவள் அப்பாவைப் பார்த்தாள். "நைனா, பயமா இருக்குது. நா போறேன்." அவர் காலண்டரைப் பார்த்தார். நான் பிடிவாதமாக நின்றேன். அடுத்த ஞாயிறு மாலை வண்டிக்கு அழைத்துப் போவது என்று சாயங்காலத்துக்குள் முடிவாயிற்று. ஒரே ஒரு வாரம். அதற்குள் குழந்தையைக் குளிப்பாட்டாமல் துடைத்து எடுக்கச் சொன்னேன். சரி என்றார்கள்.

மார்கழி. அந்த ஞாயிறு வந்தது. விடியற்காலை ஐந்து மணி இருக்கும். மலையில் பஜனை தொடங்கிவிட்டது. ஜன்னல் வழியாகப் பனி. நான் முன்னறையில் விழித்துத்தான் இருந்தேன். மூட்டை கட்டியாகிவிட்டது. இன்று ஒரு பகல் போனால் தீர்ந்தது.

உள்ளே வளையல் சத்தம். காஞ்சனா எழுந்து நடக்கிறாள். கதவு கிறீச்சிட்டது.

'ணங்...'

தண்ணீர் விழுந்தது.

'தப்... தப்... தப்...'

நம் பேச்சை யார் கேட்கிறார்கள், கெங்கம்மாள் வந்து குளிப்பாட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. இவ்வளவு சொல்லியும்... சரி, இன்னும் ஒரு பகல்தான்.

அப்போது தெருக் கதவை யாரோ தட்டினார்கள்.

எழுந்து திறந்தேன்.

கெங்கம்மாள்.

தலையில் முக்காடு. கையில் அவள் எண்ணெய்க் கிண்ணம்.

"இன்னிக்கி ஊருக்குப் போறாங்கன்னாங்க. அதான் ஒரு தபா பாத்துட்டு..."

அவள் நிறுத்திவிட்டாள்.

அவள் காதிலும் அது விழுந்துவிட்டது.

'தப்... தப்... தப்...'

உள்ளே ஓடினேன். காஞ்சனா நடையில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அரைத் தூக்கம். கையில் குழந்தை இல்லை.

"கொழந்த எங்க?"

"குடுத்துட்டேனே..."

"யார்கிட்ட?"

"கெங்கம்மா கிட்ட. கதவாண்ட கைய நீட்டினாங்க... குடுத்துட்டேன்..."

அப்போதுதான் என் பின்னால் நின்ற கெங்கம்மாளைப் பார்த்தாள்.

சத்தம் நின்றது.

கதவைத் தள்ளினேன்.

ஆவி.

என் கையே எனக்குத் தெரியவில்லை.

தரையில் தடவினேன்...

ஈரம். ஈரம். ஈரம்.

காய்ந்த தரை.

அதன்மேல் என் மகன்.

குப்புறப் படுத்திருந்தான். சுத்தமாகக் குளிப்பாட்டியிருந்தது. உடம்பு உருவி விட்டிருந்தது. வாரி எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தான். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. உடம்பில் ஒரு சிவப்பு, ஒரு கொப்புளம் இல்லை.

அழவில்லை.

கெங்கம்மாள் நடையிலிருந்த விளக்கை எடுத்து வந்து அவன் முகத்தருகே பிடித்தாள். பாதத்தைச் சுண்டினாள். மறுபடி சுண்டினாள். பிறகு விளக்கைக் கீழே வைத்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அந்த வீட்டுப் பக்கம் அவள் அப்புறம் வரவே இல்லை.

மாலை வண்டிக்கு நாங்கள் போகவில்லை. அன்று சாயங்காலம் காய்ச்சல் கண்டது. டாக்டர் வந்தார். கபம் என்றார். ஊசி போட்டபோதும் பையன் அழவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டான். காஞ்சனா ஒன்றுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

"அந்தக் கை அவ்ளோ சூடா இருந்துதுங்க. கெங்கம்மாக்கு கை சூடுன்னுதான் நெனச்சேன்."

தை கிருத்திகைக்கு டெபுடி கலெக்டர் வரவில்லை. அவருக்கு ஜலதோஷமாம். மாசியில் ஒரு நாள் திருத்தணிக்குப் போயிருந்தேன். பாய்லரைக் காணோம். அது இருந்த இடத்தில் வட்டமாகக் கறை மட்டும். அடுப்பில் மண்பானை கொதித்துக்கொண்டிருந்தது.

"சர்க்காருக்குக் குடுத்துட்டேன், மாப்பிள்ள. டெபுடி கலெக்டரு மூலமா" என்றார் மாமனார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம் பேரன் பேரால குடுத்தேன்."

சர்க்காருக்கு என்றால் யுத்தத்துக்கு என்றுதான் அப்போது எல்லோரும் புரிந்துகொள்வோம். வீட்டுச் செம்பு பித்தளையெல்லாம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. உருக்கியிருப்பார்கள். குண்டாக வார்த்து எங்கேயோ பர்மாப் பக்கம் வெடித்திருப்பார்கள். ஒழிந்தது என்று இருந்தேன். ஜூன் மாதப் பட்டியலில் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் வந்தது. பலகையை வேட்டியிலிருந்து அவிழ்த்து மாட்டினார்கள். ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எனக்கு அரக்கோணத்துக்கு மாற்றல் வந்தது. 1946 ஆவணியில் காஞ்சனாவுக்கு மறுபடி வலி கண்டது. இந்தத் தடவை தாய் வீடு இல்லை என்று நான் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். அரக்கோணத்திலேயே யுத்த காலத்தில் திறந்த ஒரு பிரசவ விடுதி. தர்மத்துக்கு நடக்கிறது, சுத்தமாக இருக்கும், நர்ஸ் உண்டு என்றார்கள். அங்கே சேர்த்தேன். இரவு பெண் பிறந்தாள். பார்த்தேன். அண்ணனைப் போலவே குரல். நிம்மதியாக டியூட்டிக்குப் போனேன்.

விடிகிற நேரத்தில் திரும்பி வந்தேன். காஞ்சனா தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டில் காலியாக இருந்தது.

ஆயா ஞானம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கொழந்த எங்கம்மா?"

"குளிப்பாட்ட எட்த்துனு போயிருக்காங்க. தோ, வந்துரும்." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க திருத்தணி ராவ் சாகிப் மருமகன்தான? நேத்து ராத்திரி உங்க சம்சாரம் சொன்னாங்க. புண்ணியவான் சாமி அவரு. டெபுடி கலெக்டரு மூலமா அவரு குடுத்த பாய்லருதான் இன்னிக்கும் ஓடிகினு கீது."

நான் காலித் தொட்டிலைப் பார்த்தேன்.

"பாய்லரு மட்டுமா. அதோட ஒரு அம்மாவயும் அனுப்பி வச்சாரே, அது யாருக்கு மனசு வரும்? சம்பளம்னு வாய் தொறந்து கேட்டதில்ல. எப்ப வராங்க, எப்ப போறாங்கன்னே தெரியாது. இத்தினி வருசத்துல இங்க பொறந்த அத்தினி கொழந்தயும் அந்தம்மா கால்ல குளிச்சதுதான்."

நீளமான கூடம். இரண்டு பக்கமும் வரிசையாகத் தொட்டில்கள். எல்லாவற்றிலும் குழந்தைகள். பால் கேட்கிற நேரம்.

ஒன்றுகூட அழவில்லை.